வீட்டு வைஃபைக்கு யார் பெயர் வைப்பது?

"வயது போனவர்களுக்கு ஸ்மார்ட் ரீவி எதற்கு?" என்ற பேச்சைத் திருகோணமலையில் நான் போய்வரும் வீடுகளில் அடிக்கடி கேட்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறார்கள். கடைக்காரர் 43 அங்குல ரீவி ஒன்றைக் கொண்டுவந்து ஹோலில் பூட்டிவிட்டுப் போகிறார். கொஞ்ச நாள் எல்லாம் நன்றாக ஓடும். அப்புறம் ஒரு நாள் திரையில் 'இணைய இணைப்பு இல்லை' என்று வரும். அதோடு அந்த ரீவி பழைய அன்டெனா ரீவி ஆகிவிடும், இல்லாவிட்டால் தூசி படாமல் சீலைத் துண்டொன்றால் மூடப்பட்டுவிடும். அதைப் பார்க்கிறவர்கள், "அம்மாவுக்கு இதெல்லாம் சரிவராது, சும்மா காசு" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். இந்தத் தீர்ப்பை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. அம்மாவுக்கு விளங்கவில்லை என்று சொல்வதற்கு முன்னால் அம்மாவிடம் என்ன கொடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் மனதில் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. உவர்மலையில் இருக்கும் என் பெரியம்மா வீட்டில்தான் அது ஒரு உருவத்துக்கு வந்தது.

பெரியம்மா தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பெரியப்பா இல்லை. பிள்ளைகள் இருவரும் கனடாவில். வீடு பழைய காலத்து வீடு. தடித்த சுவர், உயரமான கூரை, முன்னால் விறாந்தை, கேற்றில் 'அமுதகம்' என்று வீட்டின் பெயர். ஆறு மணிக்கு விளக்கேற்றிய பிறகு அவருக்கு ரீவிதான் துணை. சீரியல் பார்க்கிறவர் இல்லை. யூடியூப்பில் கோயில் திருவிழாக்களை நேரலையில் பார்ப்பார், பழைய கச்சேரிகள் கேட்பார், பேரப்பிள்ளைகள் அனுப்பும் வீடியோக்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்ப்பார். முழங்கால் வலி வந்த பிறகு கோட்டைக்குள்ளால் ஏறிக் கோணேசர் கோயிலுக்குப் போவது அவருக்கு இயலாத காரியமாகிவிட்டது. ஆகவே அந்த ரீவி அவருக்கு வெறும் பொழுதுபோக்குச் சாமான் இல்லை. இதைத் தெரியாதவர்கள்தான் "எதற்கு?" என்று கேட்கிறார்கள்.

போன சிவராத்திரிக்குச் சில நாள் முன்னர் அந்த வீட்டில் இணையம் மாற்றப்பட்டது. அதுவரை இருந்தது சிம் போட்டு ஓடும் 4ஜி ரவுட்டர். வீதிக்கு ஃபைபர் வந்ததால் அண்ணா கனடாவில் இருந்தே விண்ணப்பித்து ஏற்பாடு செய்தார். வந்த பெடியன் வேலையைத் திறமாகத்தான் செய்தான். வயரை ஒழுங்காக இழுத்தான், வேகத்தைத் தன் போனில் காட்டினான், பெரியம்மாவின் போனை இணைத்தும் கொடுத்தான். ரீவியை அவன் கேட்கவில்லை, பெரியம்மாவும் சொல்லவில்லை. புது ரவுட்டரின் அடியில் ஒரு ஸ்டிக்கர். அதில் நிறுவனத்தின் பெயரும் சில இலக்கங்களும் சேர்ந்த ஒரு வைஃபை பெயர். அதன் கீழே பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம் எல்லாம் கலந்த ஒரு கடவுச்சொல். அன்று பின்னேரம் ரீவியைப் போட்டபோது யூடியூப் வரவில்லை. பெரியம்மா எனக்கு அழைப்பு எடுத்தார்.

ரிமோட்டால் கடவுச்சொல் அடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். திரையில் ஆங்கில விசைப்பலகை வரும். அம்புக்குறியை ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் வலம் மேல் கீழ் என்று நகர்த்த வேண்டும். பெரிய எழுத்துக்கு ஒரு விசை, இலக்கத்துக்கு வேறொரு பக்கம், திரும்பச் சிறிய எழுத்துக்கு வர இன்னொரு அழுத்தம். அடித்தது சரியா என்று பார்க்கவும் முடியாது, எல்லாம் புள்ளி புள்ளியாக மறைந்திருக்கும். பல ரீவிகளில் கடவுச்சொல்லைக் காட்டு என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதை முதலிலேயே தெரிவுசெய்துவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும். ஸ்டிக்கரில் இருப்பது பூச்சியமா 'ஓ' எழுத்தா, ஒன்றா சின்ன 'எல்' எழுத்தா என்று கண்ணாடி போட்டும் கண்டுபிடிக்க முடியாது. இதை எழுபது வயது கடந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவரால் முடியவில்லை என்றவுடன் அவர் தலையில் பழியைப் போடுகிறோம். எழுத்துக்களைக் கலந்து கலந்து வைத்தால்தான் பாதுகாப்பு என்பதும் முழுதாகச் சரியில்லை. நீளம் போதுமானதாக இருந்தால் சிறிய எழுத்துக்கள் மட்டுமே கொண்ட கடவுச்சொல்லும் மிகவும் பலமானது. வைஃபை கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்து, கூடியது 63 எழுத்து வரை இருக்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்து எழுதினால் ரிமோட்டில் பக்கம் மாற்றத் தேவையே இராது, வெளியாள் ஊகிக்கவும் முடியாது.

பெரியம்மா கேட்ட கேள்வி

சிவராத்திரிக்கு முதல் நாள் பின்னேரம் நான் போய் ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் பெரிதாக்கி, ரீவி அமைப்புக்குள் போய் புது வைஃபையைத் தேடிக்கொண்டிருந்தேன். பெரியம்மா பக்கத்துக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அக்கம்பக்கத்து வைஃபைகளின் பட்டியல் வந்தது. அதை மேலிருந்து கீழாக வாசித்தார்.

"இதிலை எங்கடை எது தம்பி?"

நான் அந்த நிறுவனப் பெயரையும் இலக்கங்களையும் காட்டினேன்.

"அது எங்கடை பேர் இல்லையே. முந்தி 'அமுதகம்' எண்டெல்லோ இருந்தது."

பழைய ரவுட்டருக்கு அந்தப் பெயரை வைத்தது லீவில் வந்திருந்த பேரன். அண்ணாவின் மகன்தான் அப்போது கடவுச்சொல்லையும் மாற்றியிருந்தான். இரண்டையும் பெரியம்மாவின் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவனே எழுதி வைத்திருந்தான்.

"பேரை ஏன் மாத்தினவை? பழைய பேரையே இதுக்கும் வைச்சா என்ன? ரீவிக்கு அந்தப் பேர்தானே தெரியும்."

நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தபாற்கந்தோரில் வேலை பார்த்தவருக்கு இது மிக எளிதான விஷயமாகத் தெரிந்திருக்கிறது: தபால்காரர் மாறலாம், அலுவலகக் கட்டடம் மாறலாம், விலாசம் அதேயாக இருந்தால் கடிதம் வந்து சேரும். வைஃபை அப்படித்தான் வேலை செய்கிறது. ரீவியோ போனோ தான் இணைந்திருந்த ரவுட்டர் எந்த நிறுவனத்தினுடையது, அதற்குள் வருவது 4ஜியா ஃபைபரா என்று நினைவில் வைப்பதில்லை. அது வைத்திருப்பது வலையமைப்பின் பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை என்ற மூன்றையும்தான். அந்த மூன்றும் ஒத்துப்போகிற ஒரு சைகை காற்றில் கிடைத்தால் யாரையும் கேட்காமல் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

இதில் பெயருக்கு நாம் நினைப்பதைவிடக் கூடிய இடம் இருக்கிறது. இன்றும் பெரும்பாலான வீடுகளில் உள்ள டபிள்யூ.பி.ஏ.2 என்ற பாதுகாப்பு முறையில் உண்மையான பூட்டுச்சாவி கடவுச்சொல்லில் இருந்து மட்டும் உருவாவதில்லை. கடவுச்சொல்லையும் வலையமைப்பின் பெயரையும் சேர்த்து 4096 தடவை கணித்துத்தான் 256 பிட் நீளமான சாவி எடுக்கப்படுகிறது. ஆகவே கடவுச்சொல் அதேயாக இருந்து பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் சாவி முழுதாக வேறாகிவிடும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வேறு வேறு, பெயரின் முடிவில் தெரியாமல் விட்ட ஒரு வெற்றிடமும் கணக்கில் வரும். பழைய பெயரைப் புது ரவுட்டருக்கு வைக்கும்போது அது எப்படி இருந்ததோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து வைக்க வேண்டும். கொப்பியில் பேரன் எழுதிய கையெழுத்தைப் பெரியம்மா வாசிக்க, நான் அடித்தேன்.

செய்முறை கடினமே இல்லை. போனைப் புது வைஃபையில் இணைத்து, உலாவியில் ரவுட்டரின் இலக்கத்தை அடித்தால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆகத்தான் பெரும்பாலும் இருக்கும், ஸ்டிக்கரிலும் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே போவதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதே ஸ்டிக்கரில். அங்கே வயர்லெஸ் பகுதிக்குப் போய்ப் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றிச் சேமித்தால் ரவுட்டர் ஒருமுறை வைஃபையை நிறுத்தித் தொடங்கும். சேமித்தவுடன் என் போன் கழன்றது. கொஞ்ச நேரத்தில் வீட்டின் பழைய டப்லட் தானாக இணைந்தது. எனது போனில் போன வருடம் அந்த வீட்டு வைஃபை பதிந்திருந்ததால் அதுவும் தானாக இணைந்தது. ரீவி மட்டும் இணையவில்லை.

காரணம் அந்த மூன்றாவது சாமான், பாதுகாப்பு முறை. புது ரவுட்டர் டபிள்யூ.பி.ஏ.2உம் டபிள்யூ.பி.ஏ.3உம் கலந்த முறையில் வந்திருந்தது. டபிள்யூ.பி.ஏ.3 என்பது 2018இல் அறிவிக்கப்பட்ட புதிய, பலமான முறை. ஆனால் சில வருடங்களுக்கு முந்திய ரீவிகளுக்கு அந்த மொழி தெரியாது. கலந்த முறையில் பழைய சாதனங்களும் இணைய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு, இருந்தும் சில ரீவிகள் அதைக் கண்டு குழம்பி நிற்கின்றன. டபிள்யூ.பி.ஏ.2 மட்டும் என்று மாற்றிச் சேமித்தேன். ஒரு நிமிடம் போயிருக்காது, திரையின் மூலையில் இருந்த குறுக்குக் கோடு மறைந்து யூடியூப் திறந்தது. ரிமோட்டால் ஒரு எழுத்துக்கூட அடிக்கவில்லை. அடுத்த நாள் இரவு நான்கு சாமப் பூசையையும் பெரியம்மா விழித்திருந்து பார்த்தார்.

யாருடைய கணக்கு அது?

ரீவி இணைந்த பிறகு இன்னொன்றைக் கண்டேன். யூடியூப்பின் முகப்பில் மோட்டார் சைக்கிளுக்கு சைலன்சர் மாற்றுவது, கிரிக்கெட் துண்டுகள், யாரோ பாடும் சிங்கள ராப் என்று வந்துகொண்டிருந்தது. பெரியம்மா தேடிப் பார்த்த கச்சேரிகள் இடையிடையே ஒன்றிரண்டு. மேலே மூலையில் இருந்த வட்டத்தைத் திறந்தால் அது பெரியம்மாவுக்கு முன்பின் தெரியாத ஒரு இளைஞனின் கூகுள் கணக்கு. ரீவியைப் பூட்ட வந்த கடைப் பெடியன், வீட்டில் யாருக்கும் கணக்கு விவரம் உடனே சொல்ல முடியாததால், தன் கணக்கையே போட்டுத் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது, வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரம்தான். ஆனால் பெரியம்மா இரவில் என்ன பார்க்கிறார் என்பது இத்தனை காலமும் அவனுடைய வரலாற்றில் பதிந்துகொண்டிருந்தது. அவன் பார்ப்பது இவருடைய திரையில் வந்துகொண்டிருந்தது. அவன் தன் கடவுச்சொல்லை மாற்றும் நாளில் இந்த ரீவி ஒரு காரணமும் சொல்லாமல் வெளியே தள்ளியிருக்கும். அப்போதும் "அம்மாவுக்குப் பாவிக்கத் தெரியவில்லை" என்றுதான் பேச்சு வந்திருக்கும்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. கடையில் இருந்து வந்து பூட்டிக் கொடுத்த ரீவிகள் உள்ள வீடுகளில் இதைப் போய்ப் பாருங்கள். அமைப்புகளில் கணக்குகள் என்ற பகுதியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். தெரியாத பெயர் என்றால் அகற்றிவிட்டு, அந்த வீட்டுக்காரரின் கணக்கை அவர் போன் மூலமாகவே இணைக்கலாம். திரையில் ஒரு சதுரக் குறியீடோ சில எழுத்துக்களோ வரும், அதைப் போனில் கொடுத்தால் போதும். யூடியூப்பைக் கணக்கு இல்லாமலும் பார்க்கலாம், அது பலருக்குத் தெரியாது.

முதல் தடவை ரீவியைத் தொடங்கும்போது வரும் ஒப்புதல் பக்கங்களும் இதோடு சேர்ந்தவைதான். நீண்ட பத்திகள், கீழே 'எல்லாவற்றுக்கும் சம்மதம்' என்ற பெரிய பொத்தான். பூட்ட வருபவர் வாசிக்காமல் அமுக்கிவிடுவார். அதில் ஒன்று, திரையில் ஓடுவதை ரீவியே அடையாளம் கண்டு விளம்பரத்துக்காக அனுப்ப அனுமதிக்கிறதா என்பது. இது கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் ஒரு கோடியே 10 இலட்சம் ரீவிகளில் மக்கள் பார்ப்பதை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லாமல் சேகரித்ததற்காக 2017இல் 22 இலட்சம் டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்தச் சம்மதத்தைக் கொடுக்கவோ மறுக்கவோ உரிமை உள்ளவர் ரீவிக்கு முன்னால் இருக்கப்போகிறவர். தனியுரிமை என்ற பகுதிக்குள் போய் அதைப் பிறகும் நிறுத்தலாம். பெரியம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். "நான் பாக்கிறது ஆருக்கு என்ன தேவை? நிப்பாட்டு" என்றார். நிறுத்தினோம்.

வைஃபையின் பெயர் நிறுவனத்தினுடையது, கடவுச்சொல் ஸ்டிக்கரினுடையது, கணக்கு கடைப் பெடியனுடையது, சம்மதம் யாரோ கொடுத்தது. ரவுட்டரின் அமைப்பு விவரம் கனடாவில் இருக்கும் மகனிடம். பெரியம்மாவின் வீட்டில், பெரியம்மாவின் காசில் ஓடுகிற சாமானில் அவருக்கென்று இருந்தது ரிமோட் மட்டும். எனக்கு நெடுநாளாகச் சொல்ல வராமல் இருந்தது இதுதான். முதியவர்களுக்கு ஸ்மார்ட் ரீவி விளங்காது என்று முடிவுகட்டுகிறவர்கள், அதன் ஒரு திறப்பையும் அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கவே இல்லை.

சுவர், அலுமாரி, மாரி மழை

சிவராத்திரி முடிந்த பிறகு ஆறுதலாகப் போய் மிச்ச வேலைகளைப் பார்த்தோம். ஹோலில் படம் இடையிடையே நின்று சுற்றிக்கொண்டிருந்தது. ஃபைபர் வயர் பின் அறை யன்னல் வழியாக உள்ளே வந்ததால் ரவுட்டரையும் அங்கேயே, இரும்பு அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். வைஃபை அலைக்கு இரும்பு பெரிய எதிரி, அதில் பட்டால் ஊடுருவாமல் திரும்பிவிடும். தடித்த சுவர் இரண்டாவது எதிரி. புது ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையிலும் ஒலிபரப்புகின்றன. 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் களைத்துவிடும். 2.4 வேகம் குறைந்தது, ஆனால் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாங்கும். விலை குறைந்த ரீவிகள் பலவற்றில் 2.4 மட்டும்தான் உண்டு. அப்படிப்பட்ட ரீவியில் 5 கிகாஹேர்ட்ஸ் பெயரைத் தேடி, "வைஃபையே காட்டுதில்லை" என்று தலையைப் பிய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2.4இல் இன்னொரு தொல்லை நெரிசல். அதில் ஒன்றோடு ஒன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. உப்புவெளிப் பக்கம் விடுதிகள் நெருங்கி இருக்கும் இடத்தில் பட்டியலைத் திறந்தால் திரை கொள்ளாது. அங்கே இருக்கும் வீடுகளுக்கு அது பெரிய இடைஞ்சல், உவர்மலையில் அவ்வளவு இல்லை. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் வேலை செய்வதால் அது ஓடும்போது பக்கத்தில் இருக்கும் ரீவி தடுமாறலாம். பெரியம்மா வீட்டில் அந்த அடுப்பு இல்லை. நாங்கள் செய்தது ஒன்றுதான்: ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னால் இருந்து எடுத்து, கதவுக்கு நேரே, நெஞ்சு உயரத் தட்டில் வைத்தோம். சுவரை ஊடறுக்காமல் கதவு வழியாக அலை ஹோலுக்கு வரத் தொடங்கியதும் சுற்றுவது நின்றது.

என்னைக் கேட்டால் வீடு கட்டும்போதே ரவுட்டரில் இருந்து ரீவி இருக்கும் இடத்துக்கு, வைஃபை இல்லாமலே இணையம் கொண்டுபோகும் ஒரு லான் வயர் இழுத்துவிடுவதே சிறந்தது. பல ரீவிகளின் லான் வாசல் 100 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாது, ஆனால் அதுவே தாராளம். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு 15 மெகாபிட்டும், முழு எச்.டி.க்கு 5 மெகாபிட்டும் இருந்தால் போதும் என்றுதான் சொல்கிறது. பழைய சுவரைத் துளைக்கப் பெரியம்மா சம்மதிக்கவில்லை, அது அவர் வீடு.

மாதாந்த அளவு வைத்த பக்கேஜ் உள்ள வீடுகளில் படத்தின் தரத்தை ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது. நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி எச்.டி. ஒரு மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரையும், 4கே 7 ஜிபி வரையும் தின்னும். கோயில் நேரலைக்கு 720 தரமே போதும்.

கரண்ட் போய் வரும்போது நடப்பதை விளங்கப்படுத்தியதுதான் பெரியம்மாவுக்கு மிகப் பிரயோசனமாக இருந்தது. 2022 மார்ச் முடிவில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை நாங்கள் மறக்கவில்லை. இப்போது அந்த நிலை இல்லாவிட்டாலும், மாரி காலத்தில் கரண்ட் போவது இங்கே புதிதில்லை. கரண்ட் வந்தவுடன் ரீவி சில வினாடியில் எழுந்துவிடும். ரவுட்டரோ முழுதாகத் தொடங்கி இணையத்தைப் பிடிக்கச் சில நிமிடம் எடுக்கும். அந்த இடைவெளியில் ரீவி 'இணைப்பு இல்லை' என்று காட்டும். அதைப் பார்த்துப் பயந்து அமைப்புகளுக்குள் போய் எதையாவது அழிப்பதால்தான் பல வீடுகளில் இணைப்பே தொலைந்துபோகிறது. ரவுட்டரில் விளக்குகள் எல்லாம் எரிந்து நிற்கும் வரை கை வைக்காமல் இருந்தால் தானாக வந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கும்போது இரண்டையும் பிளக்கில் இருந்து கழற்றிவிட வேண்டும். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் பழைய செப்புத் தொலைபேசி வயர் போல மின்னலை உள்ளே கொண்டுவராது, மின்சார வயர் கொண்டுவரும்.

ரவுட்டரில் உள்ள ஒரு பொத்தானை அமுக்கிக் கடவுச்சொல் இல்லாமலே இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். முறையைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். அதில் எட்டு இலக்க எண் கொண்டு இணைக்கும் வழியில் பெரிய ஓட்டை இருப்பது 2011 டிசம்பரில் வெளியானது. 2018இல் வந்த ஆண்ட்ரொயிட் 9இல் இருந்து போன்களில் அந்த முறையே எடுக்கப்பட்டுவிட்டது. பாவிக்கத் தேவையில்லாவிட்டால் நிறுத்தி வைப்பதே நல்லது.

கொப்பியின் கடைசிப் பக்கம்

இப்போது பெரியம்மாவின் கொப்பியில் அவர் கையெழுத்திலேயே எல்லாம் இருக்கிறது. வைஃபையின் பெயர், கடவுச்சொல், ரவுட்டர் பக்கத்தின் இலக்கம், உள்ளே போகும் புதிய கடவுச்சொல், ரீவியில் இருக்கும் கூகுள் கணக்கு. காகிதத்தில் எழுதி வைப்பது ஆபத்து என்று அண்ணா தொலைபேசியில் சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. தொலைவில் இருந்து திருட வருபவனுக்கு உவர்மலை வீட்டு அலுமாரிக்குள் இருக்கும் கொப்பி எட்டாது. வீட்டுக்குள் வந்துவிட்ட கள்ளனுக்கு வைஃபை கடவுச்சொல்லைவிட வேறு வேலை இருக்கும். அண்ணாவுக்கும் ஒரு பிரதியைப் பெரியம்மாவே சொல்லி எழுத வைத்தார். இம்முறை விவரம் உவர்மலையில் இருந்து கனடாவுக்குப் போனது.

நான் ஒருநாள் வேண்டுமென்றே ரீவியில் வைஃபையை மறக்கச் செய்து, ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் விருப்பத்தோடுதான். பட்டியலில் வீட்டின் பெயரைத் தேடிப் பிடித்தார், கடவுச்சொல்லைக் காட்டும் பெட்டியைத் தெரிவுசெய்தார், ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தார். ஒரு எழுத்து பிழைத்தபோது நான் கை நீட்டினேன். "விடு, நான் பாக்கிறன்" என்று அழித்துத் திருத்தினார். நேரம் எடுத்தது, ஆனால் இணைத்தார். அடுத்த வாரம் என்.சி. வீதியில் இருக்கும் தன் பழைய சிநேகிதிக்குத் தொலைபேசியில் அதையே படிப்பித்துக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

இணையம் பூட்ட வருகிற தம்பிமாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வேகத்தைக் காட்டுவதற்கு முன்னால், "பழைய வைஃபைக்கு என்ன பெயர், என்ன கடவுச்சொல்?" என்று கேளுங்கள். அதையே புது ரவுட்டருக்கும் போட்டுக் கொடுத்தால் வீட்டில் இருக்கும் ரீவி, போன், கமரா எல்லாம் தானாக வந்து சேரும், உங்களுக்கும் மறுநாள் தொலைபேசி அழைப்பு வராது. பழைய பெயர் தெரியாத வீடென்றால் வீட்டுக்காரரிடமே ஒரு பெயர் கேட்டு வையுங்கள். பெயருக்கு 32 பைட் இடம் உண்டு. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதால், உயிர்க்குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணி, பத்துக் குறிக்குள் தமிழிலேயே வைக்கலாம். 'அமுதகம்' என்பதற்கு ஏழு குறிதான் வரும். சில ரீவிகள் தமிழ்ப் பெயரைக் கட்டம் கட்டமாகக் காட்டும் என்பதால் முதலில் அந்த வீட்டு ரீவியில் பார்த்துவிட்டு வைப்பது நல்லது.

பெரியம்மா வீட்டில் ஒரு வேலை இன்னும் பாக்கி. பக்கத்து வீட்டுப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். சூம் வகுப்புக்காகப் பின்னேரங்களில் இவர் விறாந்தையில் வந்து இருப்பாள். அவளுக்கும் வந்து போகிறவர்களுக்கும் விருந்தினர் வைஃபை ஒன்றைத் தனியாகத் திறந்துவிடலாம், ரவுட்டரில் அந்த வசதி இருக்கிறது, வீட்டுக் கடவுச்சொல்லை எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை என்று சொன்னேன். அவருக்கு யோசனை பிடித்திருக்கிறது. பெயரை யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், அந்தப் பிள்ளையையும் கேட்க வேண்டுமாம்.